தோட்டத்தை விற்காதீர்கள் அண்ணே, பிள்ளை செடி படிக்கட்டும்

வண்டிப்பெரியாறு அண்ணனுக்கு. மகள் இரண்டாவது தடவையும் நீட் எழுதிவிட்டாள், அரசு சீட்டுக்கு மார்க் பத்தாது, கம்பத்து மச்சான் "ஏலத்தோட்டத்தை வித்தாவது டாக்டராக்கு" என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். அந்தத் தோட்டம்தான் உங்கள் சோறு. அதை விற்றுத் தனியார் கல்லூரியில் கட்டிவிட்டு, மேற்படிப்புக்கு மறுபடி கடனுக்கு அலைய வேண்டும். மச்சான் தவணை கட்ட வரமாட்டார்.

எஸ்டேட்டில் கவாத்துக்கு, அதாவது செடியை வெட்டிவிடுவதற்கு, முன்னால் தேயிலை வேரில் அயோடின் விட்டுப் பார்த்தபோது, நிறம் ஏன் மாறுது என்று பிள்ளை சூப்பர்வைசரை நச்சரித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள் போக்கு அங்கேதான் தெரிகிறது. பென்சில் கனத்து வேர் கறுநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. வெட்டிய செடியில் இலை இல்லாத நாட்களில் அதுதான் சர்க்கரையாகிப் புதுத் துளிரைத் தள்ளும். நிறம் ஏறாத செடியை ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டே போகலாம்.

நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை ஏன் வெடிக்கிறது? நுனியிலிருந்து இறங்கும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பது 1930களிலிருந்து வரும் விளக்கம். 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு பட்டாணிச் செடியில் வேறொன்றைக் காட்டியது. நுனி போனதும், அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை சீக்கிரமே கீழ்மொட்டுகளுக்குப் போய்விடுகிறது; அங்கே ஆக்ஸின் குறைவதற்கு முன்பே மொட்டு கிளம்பிவிடுகிறது. நுனியைத் தொடாமல் சுக்ரோஸ் என்ற சர்க்கரையை மட்டும் ஊட்டினாலும் கிளம்பியது. ஆக்ஸினுக்கு அதற்குப் பிறகும் வேலை உண்டு, ஆனால் முதல் தட்டு சர்க்கரையுடையது. சர்க்கரை வெறும் தீனி இல்லை, செடிக்கு அது தகவலும்கூட. எவ்வளவு இருக்கிறது என்று உள்ளே சொல்ல ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்று தனியாக ஒரு பொருளே இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கிற துறைக்குப் பெயர் பயிர் வினையியல். பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடம், அப்புறம் எம்.எஸ்சி.யில் இந்தப் பாடம். முதல் சம்பளம் டாக்டர் சம்பளமாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மயிலாடும்பாறையில் ஏலக்காய்க்கும், வால்பாறையில் தேயிலைக்கும், கோழிக்கோட்டில் நறுமணப் பயிர்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. எல்லாம் நம் பக்கத்துப் பயிர்கள்.

எழுதிய நீட்டும் வீணில்லை. தமிழ்நாட்டில் வேளாண் சேர்க்கை பிளஸ் டூ மார்க்கில் நடக்கிறது, கேரளத்தில் நீட் மார்க்கை வைத்துத்தான். ஆனால் அதற்குக் கேரள நுழைவுத்தேர்வு ஆணையரிடம் தனியாக விண்ணப்பித்து, நீட் மார்க்கையும் அங்கே சேர்க்க வேண்டும். பிள்ளை அதைச் செய்தாளா என்று இன்றைக்கே கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் பட்டத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது தடவை கோச்சிங்குக்கு, அவளே கேட்டாலொழிய, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.