40 வெள்ளி சாமான், 220 வெள்ளி கிட்: பழைய ஆர்கேட் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காசைப் பற்றியவை. பழைய ஆர்கேட் பெட்டிகளுக்கு, அதாவது நாணயம் போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரங்களுக்கு, ஆர்வலர்கள் வீட்டில் செய்து விற்கும் மேம்பாட்டுக் கிட்டுகளின் விலை நியாயமா, மாட்டினால் பெட்டியின் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்தத் தடவை விலையையே பேசிவிடுவோம்.

பேக்-மேன் விளையாட்டின் மின்சுற்றுப் போர்டில் செருகும், பல விளையாட்டுகள் அடங்கிய கிட் ஒன்றுக்கு 220 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார்கள். படத்தை வைத்துச் சாமான்களை எண்ணிப் பார்த்தேன். 40 வெள்ளிகூடத் தேறாது. மீதி 180 எதற்கு? (உட்லண்ட்ஸ்)

நீங்கள் எண்ணியது சரிதான். ஆனால் தோசை விலையை அரிசி, உளுந்தை வைத்து மட்டும் போட முடியாது.

இந்த வகை கிட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பழைய போர்டிலிருந்து அதன் மூளையான இசட்80 சிப்பைப் பிடுங்கி, அந்த சாக்கெட்டில் கிட்டைச் செருகி, பிடுங்கிய சிப்பை கிட்டின் மேல் உட்கார வைக்கிறோம். சிப் எந்த முகவரியைக் கேட்கிறது என்று கிட் கவனித்துக்கொண்டே இருந்து, போர்டில் உள்ள ரோம் (விளையாட்டின் நிரல் இருக்கும் நினைவகச் சிப்) பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தான் பதில் சொல்கிறது. அதற்கு 5 வோல்ட் சமிக்ஞையைத் தாங்குகிற லாஜிக் சிப் வேண்டும். இப்போது வரும் சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டோ அதற்கும் கீழோதான். ஆர்வலர்கள் பல வருடங்களாக நம்பியிருந்த, 5 வோல்ட்டைத் தாங்கும் சைலிங்ஸ் எக்ஸ்சி9500எக்ஸ்எல் சிப் வரிசையை நிறுத்தப்போவதாக 2024இல் ஏஎம்டி அறிவித்தது. அதே வருடம் ஸைலாக் நிறுவனம், 1976இலிருந்து ஓடிக்கொண்டிருந்த இசட்80க்கு ஜூன் 14தான் கடைசி ஆர்டர் நாள் என்று சொல்லிவிட்டது. இதையெல்லாம் பார்த்துவிட்டு கிட் செய்கிறவர் என்ன செய்வார்? கையில் இருக்கும் காசைப் போட்டு சிப்புகளை வாங்கி டப்பாவில் அடுக்குவார். அந்த முடங்கிய காசும் உங்கள் 220க்குள் இருக்கிறது.

அப்புறம் நேரம். ஒவ்வொரு கிட்டுக்கும் சால்டரிங், சிப்பில் நிரல் ஏற்றுவது, உண்மையான போர்டில் மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது, பொட்டலம் கட்டுவது. பணம் வாங்கும் சேவைக்குக் கட்டணம். இருபதில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போக, இரவு பதினொரு மணிக்கு ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில். என் கணக்கில் 220 அடக்கமான விலைதான். 400 கேட்டால் ஏன் என்று கேட்பேன்.

நான் விலையைவிட இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, படங்களோடு சரியான பொருத்தும் குறிப்பு இருக்கிறதா. இரண்டு, சிப்புகளின் மேல் எழுத்து இருக்கிறதா. நகல் எடுத்துவிடுவார்களோ என்று பயந்து சிலர் எழுத்தைச் சுரண்டிவிடுவார்கள். அப்படி ஒரு கிட்டை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது. விற்றவரைக் காணோம், சுரண்டிய சிப் என்னவென்றும் தெரியவில்லை. இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

கிட் மாட்டினால் ‘ஒரிஜினல்’ மதிப்பு போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா அண்ணன்? (தெம்பனிஸ்)

உங்கள் நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மிஸ் பேக்-மேன் ஒரிஜினலா?

அதுவே ஒரு கிட்தான். எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள் கல்லூரி வளாகத்தில் ஆர்கேட் இயந்திரங்கள் வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் கைதேர்ந்துவிட்டால் ஒரே நாணயத்தில் நெடுநேரம் ஓட்டுவார்கள், வசூல் படுத்துவிடும். அதனால் அட்டாரி நிறுவனத்தின் மிசைல் கமாண்ட் விளையாட்டை இன்னும் கடினமாக்கும் ஒரு போர்டை 1981இல் செய்து, மற்ற இயந்திர முதலாளிகளுக்கு 295 அமெரிக்க டாலருக்கு விற்றார்கள். இன்றைய பணத்தில் அது 1,000 டாலருக்குப் பக்கம் வரும். விலை அதிகம் என்று யாரும் முனகியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் புது இயந்திரம் வாங்க அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம்: இளைஞர்கள் அட்டாரிக்கே விளையாட்டுகள் செய்து தர வேண்டும், மூல நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இனி கிட் விற்கக் கூடாது. அவர்கள் ஏற்கெனவே பேக்-மேனுக்கு ஒரு கிட் செய்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் பேக்-மேனை விற்ற மிட்வே நிறுவனத்திடம் நேராகப் போய்விட்டார்கள். 1982இல் அதுதான் மிஸ் பேக்-மேன் ஆனது. அந்த இயந்திரத்தைத் திறந்தால் இன்றும் தெரியும்: பேக்-மேன் போர்டு, இசட்80 சாக்கெட்டிலிருந்து ஒரு பட்டைக் கம்பி, அதன் முனையில் ஒரு துணைப் போர்டு. உட்லண்ட்ஸ் வாசகருக்கு மேலே சொன்ன அதே வித்தைதான், நாற்பது வருடம் முன்னால்.

சரி, உங்கள் பெட்டியின் மதிப்புக்கு வருவோம். செருகி எடுக்கக்கூடிய கிட் மதிப்பைக் குறைக்காது. போர்டின் தடத்தை வெட்டு, இங்கே கம்பி இழு, பெட்டியில் துளை போடு என்று சொல்லும் கிட் குறைக்கும். கழற்றிய சிப்பு, திருகு, ஒட்டுத்தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். ‘பழைய சாமான் எல்லாம் உள்ளேயே இருக்கிறது’ என்று சொல்ல முடிந்தால் வாங்குகிறவர் முகமே மாறிவிடும்.

ஆனால் கிட்டுக்குக் கொடுத்த காசை விற்கும்போது முழுசாக எதிர்பார்க்காதீர்கள். கரோசல் இணையச் சந்தையில் பேரம் பேசுகிறவர் பெட்டிக்குத்தான் விலை சொல்வார், கிட்டை உபரியாகத்தான் எடுத்துக்கொள்வார். கிட்டைத் தனியாகக் கழற்றி விற்றால் கொஞ்சம் தேறும்.

அதிகபட்ச ஸ்கோரைச் சேமிக்கும் கிட்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுக்கலாமா? (ஈசூன்)

வீட்டில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேலகா விளையாட்டு, சுவிட்சை அணைத்தால் உங்கள் சாதனையை மறந்துவிட்டு மறுபடி 20000இலிருந்து தொடங்கும். டாங்கி காங் 7650இலிருந்து. அந்தக் காலத்துக் கடைகளில் இது பெரிய குறையில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் அப்பாவும் பிள்ளையும் போட்டி போடும்போது, காலையில் எழுந்து பார்த்தால் ஸ்கோர் இல்லையென்றால் சண்டைதான்.

வாங்குவதற்கு முன் உங்கள் இயந்திரம் தானாகவே சேமிக்கிறதா என்று பாருங்கள். அட்டாரியின் செண்டிபீட் முதல் மூன்று ஸ்கோர்களை வைத்துக்கொள்ளும். அதற்குப் போய் கிட் வாங்கினால் வீண்.

இன்னொன்று: பேட்டரி வைத்த கிட் வேண்டாம், எஃப்ரேம் போன்ற பேட்டரி தேவைப்படாத நினைவகம் உள்ளதை எடுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் மறந்துபோன பேட்டரி கசிந்து போர்டை அரித்துவிடும். வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர் இயந்திரத்தில் மூன்று ஏஏ பேட்டரிகள் போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் பேட்டரி இல்லாத நினைவகத்தைப் போடும் சின்ன மாற்றுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன். அது ஆடம்பரம் இல்லை, மருந்து.

சீனாவிலிருந்து வரும் 60 விளையாட்டுப் போர்டு இதைவிட மலிவு. பிறகு எதற்கு பேக்-மேன் குடும்பத்து விளையாட்டுகளை மட்டும் தரும் கிட்டுக்கு மூன்று மடங்கு? (புக்கிட் பாத்தோக்)

காலிப் பெட்டி வைத்திருந்தால் அதையே வாங்குங்கள். ஜாம்மா என்ற பொதுவான 56 முனை இணைப்பில் மாட்டினால் ஓடும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அது உங்கள் பழைய போர்டை ஓட்டவில்லை, அதன் வேலையைத் தான் செய்வதாக நடிக்கிறது. ஒலியில் வித்தியாசம் தெரியும், ஜாய்ஸ்டிக்கை அசைப்பதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையில் ஒரு துளி தாமதம் சிலருக்குத் தெரியும். நல்ல போர்டு ஏற்கெனவே கையில் இருக்கிறவர் அதைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு இதை மாட்டுவதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு? (பொங்கோல்)

பொருள் சேவை வரி 9 விழுக்காடு. ஆனால் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். 2023 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வெளிநாட்டு விற்பனையாளர் வரி வசூலிக்க வேண்டும், ஆனால் இங்கே பதிவு செய்யும் அளவுக்குப் பெரியவராக இருந்தால் மட்டும். பெரிய இணையச் சந்தைகள் பணம் கட்டும்போதே பிடித்துவிடும். தன் வீட்டு மேசையில் கிட் செய்து நேரடியாக அனுப்பும் ஆர்வலர் அந்த எல்லைக்குள் வரமாட்டார். அவரிடமிருந்து அஞ்சலில் வரும் பொட்டலம், அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 400 வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதி வரி கிடையாது. 401 ஆனால் முழுத் தொகைக்கும் வரி. 380 வெள்ளிக்குக் கிட்டும் 40 வெள்ளிக்கு அஞ்சலும் போட்டுவிட்டு ‘நான் 400க்குள்தானே வாங்கினேன்’ என்று பிறகு கேட்டுப் பயனில்லை.

இது போர்டுக்கு. நாணயம் போட்டு ஆடும் முழு இயந்திரத்தை இறக்குவது வேறு கதை, அது அனுமதி தேவைப்படும் கட்டுப்பாட்டுப் பொருள். கப்பல் கூலி கொடுப்பதற்கு முன் சுங்கத்துறைப் பட்டியலைப் பாருங்கள்.

அமெரிக்கப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் எந்தக் கிட் வாங்கலாம்? (ஜூரோங் வெஸ்ட்)

எந்தக் கிட்டும் வேண்டாம். முதலில் டிரான்ஸ்ஃபார்மர். நம் சுவரில் வருவது 230 வோல்ட், அந்தப் பெட்டி 120க்குச் செய்தது. 300 வாட்டுக்குக் குறையாததாக, ஒரே சுருள் உள்ள ‘ஆட்டோ’ வகையாக இல்லாமல், வரும் மின்சாரத்துக்கும் போகும் மின்சாரத்துக்கும் தனித்தனிச் சுருள் உள்ளதாக வாங்குங்கள். நம்முடையது 50 ஹெர்ட்ஸ், அவர்களுடையது 60. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது, அதனால் உள்ளே இருக்கும் பழைய மின்மாற்றி கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் பெட்டிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அந்த நாட்டிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60 என்பதால் இரண்டுக்கும் ஏற்றபடி செய்திருப்பார்கள், வோல்ட் மட்டும் 100.

அடுத்த செலவு மானிட்டரின் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) கிட். முப்பது நாற்பது வெள்ளிக்குள் முடியும். இந்தத் துறையில் காசுக்கு இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் எனக்குத் தெரியாது. படம் சுருங்குவது, நெளிவது, மங்குவது பெரும்பாலும் அதிலேயே போய்விடும். ஆனால் படக்குழாயில் அணைத்த பிறகும் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

நானே ஒரு கிட் வடிவமைத்திருக்கிறேன். என்ன விலை வைக்கலாம்? (அங் மோ கியோ)

முதலில் பத்து செய்யுங்கள், ஐம்பது வேண்டாம். பத்தில் நீங்கள் நினைக்காத மூன்று தவறு வெளியே வரும். விலையைச் சாமான் செலவை மூன்றால் பெருக்கி வைக்கிறவர்கள் உண்டு. சின்னக் கிட்டுக்கு அது போதாது, ஏனென்றால் 15 வெள்ளி சாமான் உள்ள கிட்டுக்கும் 60 வெள்ளி சாமான் உள்ள கிட்டுக்கும் சோதனை நேரமும் மின்னஞ்சலும் ஒன்றுதான். ஒரு கிட்டுக்கு உங்கள் கை எத்தனை நிமிடம் படுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அதற்கு நீங்கள் வெட்கப்படாத ஒரு கூலி போட்டுக் கூட்டுங்கள்.

விளையாட்டின் ரோம் உங்களுடையது இல்லை. அதை உள்ளே போட்டு விற்றால் உரிமையாளர் கேட்கும் நாளில் பதில் இருக்காது. வன்பொருளை மட்டும் விற்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 விளையாட்டுப் போர்டு ஒரே நிறத் திரையை மட்டும் காட்டுகிறது. செத்த போர்டை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? (செங்காங்)

வாங்கலாம், பேட்டரி மட்டும்தான் காரணமென்றால். விளையாட்டின் நிரல் பூட்டைத் திறக்கும் ரகசியக் குறியீடான சாவி பேட்டரியால் உயிர் வாழும் நினைவகத்தில் இருந்தது, பேட்டரி தீர்ந்தால் சாவி போச்சு. 2016இல் ஆர்வலர்கள் அந்தச் சாவியைத் திரும்ப எழுதும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் சாவியை ஊட்டும் சின்னக் கிட்டே கிடைக்கிறது. ‘செத்த போர்டு’ விலையும் அதனால் ஏறிக்கொண்டு வருகிறது, பழைய மலிவை எதிர்பார்க்காதீர்கள். கசிவு இருக்கிறதா என்று மட்டும் படம் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கிட்டைச் செருகினேன், திரை முழுக்கக் குப்பை. திருப்பி அனுப்பப் போகிறேன். (மீண்டும் ஈசூன், ஆனால் வேறு ஒருவர்)

பொறுங்கள். நாற்பது வருடம் ஒரே சிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த சாக்கெட் அது. பிடுங்கினதும் அதன் பிடி தளர்ந்துவிடும், உள்ளே துருவும் இருக்கும். பழைய சிப்பை மறுபடி அங்கேயே வைத்துப் பாருங்கள், அதுவும் தகராறு செய்தால் கிட் மேல் பழி இல்லை. சிம் லிம் டவரில் 40 முனை நல்ல சாக்கெட் சில வெள்ளிதான். மாற்றிவிட்டு எழுதுங்கள்.