மூட்டுக்குள் கேட்கும் ஓசை: கேள்வி பதில்

கேள்வி: மாடிப்படி ஏறும்போது என் முழங்காலில் நறநறவென்று சத்தம் கேட்கிறது. வலி இல்லை. மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வற்றுவதற்கு அங்கே எண்ணெய் இல்லை, ஐயா. மூட்டுக்குள் இருப்பது சவ்வு சுரக்கும் சிறிதளவு வழுவழுப்பான திரவம். தேய்மானம் உள்ள மூட்டில் அது குறைவதைவிட மிகுந்து வீக்கமாகத் தெரிவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையை முழங்கால் சில்லின்மேல் வைத்துக் காலை மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள்: சில்லின் அடிப்புறக் குருத்தெலும்பு சற்றே சொரசொரப்பாகியிருந்தால், ஈரமணலை விரலிடையே உருட்டுவது போன்ற அதிர்வு கைக்குத் தெரியும். குருத்தெலும்பில் நரம்புகள் இல்லாததால் ஓசை பெரிதாக இருந்தும் வலி இல்லாமலிருப்பது இயல்பே. இதற்காக மட்டும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: குந்தும்போது ஒரே ஒரு முறை ‘படக்’ என்கிறது. உடனே மறுபடி குந்தினால் கேட்பதில்லை. ஏன்?

பதில்: விரலில் நெட்டி முறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முனைகள் சட்டென விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் ஒரு வாயுக்குழி தோன்றுகிறது. 2015இல் வெளியான எம்.ஆர்.ஐ. படங்களில், ஓசை எழும் கணத்திலேயே அக்குழி உருவாவது தெரிந்தது. வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆவதால் அதற்குள் நெட்டி விழாது. முழங்காலின் ஒற்றைச் சொடக்குக்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

கேள்வி: நடனப் பயிற்சியில் காலை உயர்த்தி இறக்கும்போது இடுப்பின் முன்புறம் ‘டொக்’ என்று விழுகிறது. எலும்பு நழுவுகிறதா?

பதில்: இல்லை, அம்மா. இடுப்பை மடக்கும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், எலும்பு மேட்டைத் தாண்டிக் குதிக்கும் ஓசை அது. பக்கவாட்டில் கேட்டால், தொடையின் வெளிப்புறப் பட்டை எலும்புப் புடைப்பின்மேல் தாவுகிறது என்று பொருள். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலித்தால் சில வாரங்கள் உயரத்தைக் குறைத்து, பிட்டத் தசைகளை வலுப்படுத்துங்கள். தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, நடுவில் சிக்கிக்கொள்வது போலிருந்தால் இடுப்பு மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருக்கக்கூடும். எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பந்தாட்டத்தில் முழங்கால் திருகியபோது ‘மடக்’ என்றது, இரண்டு மணி நேரத்தில் வீங்கிவிட்டது.

பதில்: இதை மற்ற ஓசைகளோடு சேர்க்காதீர்கள். முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவைத் தசைநார் அறுந்து உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சத்தத்துக்குப் பயந்து குந்துவதையே விட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சரியன்று. தொடைத் தசை மெலிந்தால் சில்லைத் தாங்கும் பிடிப்பும் தளரும். வலிக்காத ஆழம் வரை குந்துங்கள். சத்தம் கேட்டால் கேட்கட்டும்.