*ஹம்பஸ்: ஃபின்னிக் மொழிகளில் ‘பல்’ வந்த வழி (கேள்வி பதில்)

கேள்வி: சார், ‘ஹம்பஸ்’ஸுக்கு முன்னால் ஏன் நட்சத்திரக் குறி?

பதில்: எந்த எழுத்துச் சான்றிலும் இல்லாத, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதற்கு அடையாளம். பல்லைக் குறிக்கும் ஃபின்னிக் கிளைச் சொற்களான ஃபின்னிஷ், எஸ்தோனிய ‘ஹம்மஸ்’, வோட்டிக் ‘அம்மஸ்’, லிவோனிய ‘அம்பாஸ்’ எல்லாவற்றுக்கும் மூத்த வடிவம் இது.

கேள்வி: மூன்று மொழிகளில் ‘ம்ம’ இருக்க, ‘ம்ப’ என்று மீட்டது சரியா?

பதில்: சரிதான். அகராதியின் தலைச்சொல்லோடு நின்றுவிட்டால் இங்கேதான் சறுக்கும். வேற்றுமை வடிவத்தையும் எடுத்துப் பாருங்கள். ‘பல்லின்’ என்பது ஃபின்னிஷில் ‘ஹம்பான்’, எஸ்தோனியனில் ‘ஹம்ப’. மெய்யில் முடியும் அசையின் தொடக்கத்தில் வரும் வல்லினம் மெலியும். ‘ஹம்-பஸ்’ அப்படி மெலிந்து ‘ஹம்மஸ்’ ஆனது. ஆறாம் வேற்றுமை முன்பு *ஹம்-ப-ஹன்; நடு அசை உயிரில் முடிவதால் வல்லினம் தப்பித்தது. பிறகு ‘ஹ’ உதிர்ந்து உயிர்கள் சேர்ந்ததே இன்றைய ‘ஹம்பான்’.

கேள்வி: *ஹம்பஸ் பால்டிக் மொழிகளிடம் (லிதுவேனியன், லாத்வியன் கிளை) வாங்கிய கடன் என்கிறார்கள். ரஷ்ய ‘ஸூப்’ கூடப் பல்தானே, அது மூலமாக இருக்காதா?

பதில்: இருக்காது. ஸ்லாவிய ‘ஸ’ ஃபின்னிக்கில் ‘ஸ’வாகவே நின்றிருக்கும், ஈற்று ‘-அஸ்’ஸும் அங்கிருந்து வராது. லிதுவேனிய ‘ஜம்பஸ்’ (விளிம்பு, முனை) இரண்டுக்கும் பொருந்துகிறது. அதன் முதல் ஒலி ‘ஷ’வின் அதிர்வொலி (குரல்நாண் அதிர ஒலிப்பது), அது ‘ஷ’ ஆகி, பிறகு ‘ஹ’ ஆனது. ஒரு சொல்லை மட்டும் வைத்து இதை நம்ப வேண்டாம். லிதுவேனிய ‘ஷியெனஸ்’ (உலர்புல்) ஃபின்னிஷில் ‘ஹெய்னா’, ‘ஜிர்னிஸ்’ (பட்டாணி) ‘ஹெர்னெ’, ‘ஷல்னா’ (உறைபனி) ‘ஹல்லா’. லாத்வியனில் பல் ‘ஸுவப்ஸ்’. அங்கே பழைய ‘அம்’ பின்னாளில் ‘உவ’ ஆகிவிட்டது. அதை நேராக ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

கேள்வி: உடலுறுப்புப் பெயரைக் கூடவா கடன் வாங்குவார்கள்?

பதில்: வாங்கியிருக்கிறார்கள். கழுத்துக்கான ‘கவுலா’, மகளுக்கான ‘துதார்’ இரண்டும் பால்டிக் கடன்களே. அடிப்படைச் சொல் இடம் மாறாது என்று முன்முடிவோடு தொடங்குவது ஆபத்து.

கேள்வி: அப்படியானால் பல்லுக்கான பழைய யுராலியச் சொல் (ஃபின்னிக், ஹங்கேரியன் முதலியவை சேர்ந்த மொழிக் குடும்பத்தின் சொல்) செத்துவிட்டதா?

பதில்: இல்லை, பொருள் சுருங்கியது. எர்சிய ‘பேய்’, ஹங்கேரிய ‘ஃபோக்’ இன்றும் ‘பல்’தான். அவற்றின் உறவான ஃபின்னிஷ் ‘பீ’ சீப்பு, வாரி ஆகியவற்றின் பல்லைக் குறிக்கிறது. சீப்புக்கு ஃபின்னிஷில் ‘கம்பா’. அது ஜெர்மானிய *கம்பஸ் வழி வந்த கடன். ‘ஜம்பஸ்’, *கம்பஸ், சமஸ்கிருத ‘ஜம்ப’ (பல்) மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். ஆக, அந்த வேர் ஃபின்னிஷுக்குள் இரண்டு வாசல்களில் நுழைந்திருக்கிறது.