கண்ணாடிக் கதவில் படிவது சுண்ணாம்பு அல்ல, சோப்பு

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ அடுக்குமாடி வீடு. குளிக்கும் இடத்துக் கண்ணாடிக் கதவில் வெள்ளையாக ஒரு படலம், டைல்ஸ் இடுக்கில் கறுப்பு. மாதம் இரண்டு போத்தல் கிளீனர் வாங்குகிறேன், ஒன்று 14 வெள்ளி. தோழி சொன்னாள் என்று வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து தெளித்தேன். நுரைத்ததே தவிர கறை போகவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ள வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. தோழி சொன்ன இரண்டுமே நல்ல பொருள்தான், ஆனால் ஒரே போத்தலில் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வினிகர் அமிலம், ஆப்பசோடா காரம். நுரையாகப் பொங்கியது கரியமில வாயு. பொங்கி அடங்கிய பிறகு உங்களிடம் மிஞ்சியது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்.

அடுத்து, அந்தப் படலம் என்ன என்று பாருங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மெழுகு போல நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது சோப்புப் படிவம். மணல் போலச் சொரசொரப்பாக, சுரண்டினாலும் வராமல் இருந்தால்தான் சுண்ணாம்பு உப்புக்கறை. செந்தூலில் முதல் வகையாகத்தான் இருக்கும். கோலாலம்பூருக்கு வருவது பெரும்பாலும் சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு போன்ற ஆறுகளின் தண்ணீர், கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, குறைவு. தமிழ்நாட்டு வீடியோக்களில் காட்டும் வைத்தியமெல்லாம் அங்குள்ள போர்வெல் தண்ணீருக்கு. இங்கே அது பாதிதான் பொருந்தும்.

கட்டி சோப்பில் உள்ள கொழுப்பு, தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தோடு சேர்ந்து பிசினாக ஒட்டுகிறது. உடம்பு எண்ணெயும் அதன்மேல் ஏறும். வினிகர் அந்தப் பிணைப்பை அவிழ்க்கும், ஆனால் பிரிந்த கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போகாது. அதற்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு வேண்டும்.

அரை லிட்டர் ஸ்ப்ரே போத்தலில் 200 மில்லி வெள்ளை வினிகர், 250 மில்லி தண்ணீர், கடைசியில் 2 தேக்கரண்டி திரவ சோப்பு. சோப்பை முதலில் ஊற்றினால் நுரைதான் போத்தலை நிரப்பும். குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கண்ணாடியில் தெளித்து 15 நிமிடம் விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிலர் பாதிக்குப் பாதி சோப்பு ஊற்றச் சொல்வார்கள். கறை போகும், ஆனால் தரை வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

வினிகரை மளிகைக் கடையில் 'சூக்கா' என்று கேட்டு வாங்கி, போத்தலில் அசிட்டிக் அமிலம் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சூக்கா என்றதும் ரப்பர்ப்பால் உறைய ஊற்றும் அமிலம் நினைவுக்கு வரலாம். அது பார்மிக் அமிலம், தோலைப் பொசுக்கிவிடும். பாத்ரூம் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள். கலந்து வைத்ததைக் குடிதண்ணீர் போத்தலிலும் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

ஆப்பசோடாவை வீணாக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு இட்லிமாவுப் பதத்தில் குழைத்து, தரையில் அழுக்கு ஏறிய இடங்களைத் தேய்க்கலாம். வினிகரைக் கழுவிவிட்ட பிறகு, தனியாக.

கொண்டோக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: சுவரோ தரையோ மார்பிளாக இருந்தால் வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது. பத்துமலை சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீரில் இருக்கும் லேசான அமிலம் காலங்காலமாகக் கரைத்துத்தான் அங்கே குகையே உண்டானது. மார்பிளும் அதே இனம். என் அக்கா வீட்டு மார்பிள் திட்டில் நான் ஒருமுறை ஒழுகுகிற வினிகர் போத்தலை வைத்துவிட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் போத்தலின் அடி அளவுக்கு ஒரு மங்கல் வட்டம். இன்றைக்கும் விளக்கைப் போட்டால் தெரிகிறது, அக்காவும் மறக்காமல் காட்டுகிறாள். மார்பிளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுத் திரவ சோப்பு மட்டும் போதும்.

இனி அந்தக் கறுப்பு. அது பூஞ்சை. டைல்ஸ் இடுக்குச் சிமெண்டுக்குள் வேர்விட்ட பூஞ்சைக்கு வினிகரை நான் நம்ப மாட்டேன். கடையில் குளோராக்ஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த பிளீச்சே விலை மலிவுதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி கலந்து, கையுறை போட்டு, கதவைத் திறந்து, ஃபேனை ஓடவிட்டுப் பூசுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் அது மூச்சையே அடைத்துவிடும். ஆகவே ஒரே நாளில் இரண்டையும் எடுக்காதீர்கள், கண்ணாடிக்கு ஒரு நாள், இடுக்குக்கு வேறொரு நாள். பிளீச் இருந்த போத்தலில் வினிகர் ஊற்றுவதும் கூடாது.

செலவைப் பார்த்தால், 200 மில்லி சூக்காவும் 2 தேக்கரண்டி சோப்பும் உங்கள் 14 வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது. குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தால், வாரம் ஒருமுறை தெளிப்பதே அதிகம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஷவர் துளை அடைத்தால் தே தாரிக் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலையை அதில் மூழ்கவிட்டு ரப்பர் பேண்டால் கட்டி அரை மணி நேரம் விடலாம். தண்ணீர் வெட்டு முடிந்து பழுப்பாக வந்த பிறகு அடைத்திருந்தால், உள்ளே இருப்பது வண்டல். அது வினிகரில் கரையாது. கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள்.