இடம் மாறிப் பிறந்த இதயத் தமனி: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கால்பந்து ஆடும்போது மயங்கி விழுந்தான். சி.டி. ஆஞ்சியோவில், வலது கரோனரி தமனி (இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் குழாய்) இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் (உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய்) நுரையீரல் தமனிக்கும் நடுவே போவதாக எழுதியிருக்கிறார்கள். டிரெட்மில் டெஸ்ட் நார்மல். இனி ஆட விடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. ஓடும்போது வந்த மயக்கத்துக்குக் காரணம் தெரியும்வரை விளையாட்டை நிறுத்தி வையுங்கள்.

சி.டி. ரிப்போர்ட்டில் தமனி எங்கே பிறக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதன் வாய் வட்டமாக இருக்கிறதா, கீறல்போல் ஒடுங்கியிருக்கிறதா, மகாதமனியின் சுவருக்குள்ளேயே எத்தனை மில்லிமீட்டர் புதைந்து போகிறது, எந்தக் கோணத்தில் வெளியே வருகிறது என்று கேளுங்கள். ஆபத்து பெரும்பாலும் அந்தப் புதைந்த துண்டில்தான். ஓடும்போது மகாதமனி விம்மும். சுவருக்குள் இருக்கும் துண்டு நசுங்கும். அந்த நேரத்தில்தான் இதயத் தசை அதிக ரத்தம் கேட்கும்.

ஆனால் சி.டி. எடுக்கும்போது பையன் அசையாமல் படுத்திருக்கிறான். படம் கலங்காமலிருக்கத் துடிப்பை 60-ஐ ஒட்டிக் கொண்டுவர பீட்டா பிளாக்கர் கொடுப்பார்கள். குழாய் விரிய நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். இதயம் மிக நிம்மதியாக இருக்கும் வேளையில் எடுத்த படம் அது. குழாய் போகும் வழி அதில் துல்லியமாகத் தெரியும். ஓடும்போது ரத்தம் போதுமா என்பது தெரியாது.

டிரெட்மில் நார்மல் என்பதையும் முழுதாக நம்ப முடியாது. இதே வகைக் கோளாறால் திடீரென இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. இறப்பதற்கு முன் டிரெட்மில் இ.சி.ஜி. எடுத்திருந்த 6 பேருக்குமே முடிவு நார்மல் என்றுதான் வந்திருந்தது.

அடுத்துக் கேட்க வேண்டியது டோபுடமைன் ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. டோபுடமைன் என்பது ஓடுவதுபோல் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராமில் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூட்டி, 40 வரை போவார்கள். துடிப்பு ஏறாவிட்டால் அட்ரோபின் சேர்ப்பார்கள். பொதுவான இலக்கு, 220-இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதம்; உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 173. உச்சத்தில் தசை எந்த இடத்திலாவது சுருங்கத் திணறுகிறதா என்று பார்ப்பார்கள். காடோலினியம் என்ற, படத்தில் ரத்தத்தைப் பளிச்செனக் காட்டும் மருந்தைச் செலுத்தியதும் எங்கே ரத்தம் தாமதமாக வருகிறதோ அங்கே கறுப்பாகத் தெரியும். தசையின் உள்விளிம்பில் ஓரிரு துடிப்புக்கு மட்டும் மின்னி மறையும் மெல்லிய கறுப்புக் கோடு பெரும்பாலும் கருவியின் பிழை. அந்தத் தமனி ஊட்டும் பகுதியில், பல துடிப்புகள் நீடித்து நின்றால் அது உண்மையான ரத்தக் குறைவு.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. சி.டி.க்குக் கொடுத்த பீட்டா பிளாக்கர் உடம்பில் இருக்கும்போதே இந்தச் சோதனையை வைத்தால் துடிப்பு 120-ஐத் தாண்டவே திணறும். ‘நார்மல்’ என்று முடிவு வரும். அந்த நார்மலுக்கு மதிப்பில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எட்டிய துடிப்பும் ரத்த அழுத்தமும் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கும் இதே போன்ற கோளாறு. அடினோசின் ஊசி போட்டுத் தாலியம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். போதுமா?
— வாசகர், திருச்சி

பதில்: தாலியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, தசைக்கு ரத்தம் போவதைப் படமெடுக்கும் இது, கொழுப்பு அடைப்புக்கு நல்ல சோதனைதான். ஆனால் அடினோசின் குழாயை விரிக்கும். ஓட்டத்தைப் போல இதயத்தை அடித்துத் துரத்தாது. உங்கள் பிரச்சினை வேகத்தில் நசுங்குவது என்பதால் அது தவறிப்போகலாம். தாலியத்தில் மார்பகம், உதரவிதானம் ஆகியவற்றின் நிழல் விழுந்து பொய்யான குறையும் தெரியும். பெட் ஸ்கேன் கிடைக்குமானால் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று எண்ணாகவே தரும். அதிலும் எந்த மருந்தால் இதயத்தைத் தூண்டினார்கள் என்பது முக்கியம். அடினோசின்தான் என்றால், முந்தைய நாளிலிருந்தே காபி, டீ தொடாதீர்கள். காஃபீன் மருந்தை முறித்துவிடும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. பால் குடிக்கும்போது வியர்த்து, வீறிட்டு அழுகிறது. எக்கோவில் இடது கரோனரி நுரையீரல் தமனியிலிருந்து வருகிறதோ என்று சந்தேகம். எம்.ஆர்.ஐ. வேண்டுமா?
— வாசகர், நெல்லை

பதில்: காத்திருக்க நேரமில்லை, இன்றே குழந்தைகள் இதய மருத்துவரிடம் போங்கள். பிறந்து சில வாரங்களில் நுரையீரல் அழுத்தம் இறங்கியதும் இடது தமனியில் ரத்தம் திரும்பி, நுரையீரல் தமனிக்கே வடிந்துவிடும். தசை பட்டினி கிடக்கும். கலர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் எக்கோ) வேக அளவுகோலை விநாடிக்கு 20–30 செ.மீ.க்கு இறக்கினால்தான் அந்தத் தலைகீழ் ஓட்டம் கண்ணில் படும். அளவுகோல் உயரத்தில் இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். வீங்கிய வலது கரோனரியும், இ.சி.ஜி.யில் இதயத்தின் இடப்பக்கத்தைக் காட்டும் ‘ஒன்று’, ‘ஏ.வி.எல்.’ என்ற லீடுகளில் ஆழமான க்யூ அலையும் (கீழ்நோக்கி இறங்கும் கோடு) சந்தேகத்தை உறுதியாக்கும். எக்கோவில் தெளிவில்லை என்றால் சி.டி. போதும். இந்தக் குழந்தைக்கு ஸ்ட்ரெஸ் சோதனை எதுவும் வேண்டாம். தமனியை மகாதமனிக்கு மாற்றித் தைக்கும் அறுவைதான் வழி. எம்.ஆர்.ஐ.யைப் பிறகு, தழும்பு எவ்வளவு என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம்.