சுண்ணாம்பு போகாத தோலில் பட்டை ஏறாது

கே: கிடா வெட்டிய தோல் ஒன்று இருக்கிறது. முடியைச் சவரம் செய்துவிட்டுப் பதனிடலாமா? (வாசகர், திருமங்கலம்)

ப: சவரம் செய்தால் வேர் உள்ளேயே தங்கி, தோல் முழுக்கக் கறுப்புப் புள்ளியாக நிற்கும். வேரோடு கழல வேண்டும் என்றால் சுண்ணாம்புதான் வழி.

உரித்த நாலைந்து மணி நேரத்துக்குள் சதைப்பக்கம் உப்புப் போட்டிருக்க வேண்டும். 2 கிலோ தோலுக்கு 1 கிலோ தூளாக்கிய கல்லுப்பு. ஊறும் நீர் வடிய, சாய்வாகப் போடுங்கள். பிறகு உப்பை உதறி, மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். விறைப்பான இடம் மிச்சமிருந்தால் அங்கே சுண்ணாம்பு இறங்காது.

அடுத்து, பிளாஸ்டிக் டிரம்மில் 8 லிட்டர் தண்ணீர், 200 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கூடப் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று ஒரு கிலோ கொட்டுகிறவர்கள் உண்டு, பலனில்லை. லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும், மீதி அடியில் படியும். கரைந்ததைத் தோல் உறிஞ்ச உறிஞ்சப் படிந்தது கரைந்து கொடுக்க வேண்டும். அதனால் காலையும் மாலையும் அடிவரை கிளறுங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் முதலில் கழலும், கழுத்து கடைசி. கழுத்தில் கழன்றால்தான் எடுக்க வேண்டும். அதற்காக மூன்று வாரம் விட்டுவிடாதீர்கள், தோல் நைந்துபோகும். ஆறு அங்குல பி.வி.சி. குழாயைச் சுவரில் சாய்த்து, முடிப்பக்கம் மேலே வரும்படி போட்டு, கத்தியின் முதுகால் தள்ளுங்கள். முடி போன பிறகும் வழவழவென்று கறுப்புச் சேறு ஒன்று வரும். அதையும் வழித்தெடுக்க வேண்டும்; விட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு திருப்பிப் போட்டுச் சதையைச் சீவுங்கள். சுண்ணாம்பில் ஊறி உப்பிய தோலில் அது சுலபமாக வரும். கையுறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) சோடியம் சல்பைடு சேர்த்து வேலையைச் சுருக்குவார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அதில் அமிலம் பட்டால் கிளம்பும் வாயு ஆளையே கொல்லும்.

கே: ஆவாரம்பட்டைச் சாற்றில் இருபது நாள் போட்டும் தோல் அப்பளமாக உடைகிறது. வெட்டினால் நடுவில் வெள்ளைக் கோடு. என்ன தப்பு? (வாசகி, நிலக்கோட்டை)

ப: வெள்ளைக் கோடு என்றால் நடுத்தோல் இன்னும் பதப்படவில்லை. முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டிருப்பீர்கள். மேற்பரப்பு உடனே பதப்பட்டு, உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். சுண்ணாம்பு முழுதாக நீங்காததும் காரணமாக இருக்கலாம்.

தோலை நாலு தண்ணீரில் அலசி, 6 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் அம்மோனியம் சல்பேட் (உரக்கடையில் கிடைக்கும்) கரைத்து இரண்டு மணி நேரம் புரட்டுங்கள். நெடி அடிக்கும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். உரம் பிடிக்காதவர்கள் தவிட்டைப் புளிக்கவைத்த தண்ணீரில் சில மணி நேரம் போடலாம்; ராத்திரி முழுக்க விட்டால் தோல் அரிக்கும். கழுத்தோரம் சின்னதாக வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு பினாப்தலீன் (காரம் இருந்தால் நிறம் காட்டும் சோதனைத் திரவம்) விடுங்கள். ரோஜா நிறம் காட்டினால் சுண்ணாம்பு மிச்சம். சரியாகிவிட்ட தோல் துவண்டு விழும். விரலால் அழுத்தினால் தடம் நிற்கும்.

பட்டை 3 கிலோ, இடித்தது. காய்ச்சிய சாறு நன்றாக ஆற வேண்டும். சூட்டில் தோல் சுருண்டுவிடும். முதலில் லேசான தேநீர் நிறம். மூன்று நாளுக்கொரு முறை கெட்டியாக்குங்கள். முதல் நாள் மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் மடிப்புகள் வெளுத்தே இருக்கும். கோடு மறைந்த பிறகு கடைசி இரண்டு நாள் 300 கிராம் கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள். ஆவாரந்தோல் வெயில் பட்டால் சிவக்கும், கடுக்காய் அதைத் தடுக்கும். இரும்பு வாளி, ஆணி எதுவும் ஆகாது. தொட்ட இடம் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் எழுதும் மை அல்லவா!

ஈரம் இருக்கும்போதே 100 மில்லி கடலை எண்ணெயோ புங்க எண்ணெயோ தேய்த்து, நிழலில் உலர்த்தி, பாதி காய்ந்த நிலையில் பெஞ்சு விளிம்பில் இழுத்து இழுத்துப் பிசையுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இதை விட்டால் தோல் பலகைதான். விரிசல் விட்ட பகுதி இனி ஒட்டாது, வெட்டிப் போடுங்கள்.

கே: முடியோடு பதனிட? (வாசகர், ஓசூர்)

ப: சுண்ணாம்பு பக்கமே போகக் கூடாது. ஊறவைத்துச் சதை சீவிய 2 கிலோ தோலுக்கு 200 கிராம் படிகாரம், 100 கிராம் உப்பு, 8 லிட்டர் தண்ணீர், ஐந்து நாள். தண்ணீரில் துவைத்தால் படிகாரம் இறங்கிவிடும், ஆகவே விரிப்பாக மட்டும் வையுங்கள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் உப்புப் போடத் தாமதித்திருக்கிறீர்கள்.

கே: பறைக்கு எந்தப் பட்டை நல்லது? (வாசகர், மேலூர்)

ப: எதுவும் வேண்டாம். முடியும் சதையும் எடுத்து, சுண்ணாம்பு போக அலசி, ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிடுவதோடு சரி. பட்டை ஏறிய தோல் மெத்தென்று ஆகிவிடும். தீயில் காட்டினாலும் பச்சைத்தோல்போல் விறைக்காது.