மாடியில் தூங்கும் அண்ணன்

கேள்வி: எனக்கு 46 வயது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அம்மாவை ஒன்றரை வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி மூன்று நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாக எனக்கு மறதி அதிகமாகிவிட்டது. சாவி, போன், சொல்ல வந்த வார்த்தை எல்லாமே நழுவிப் போகின்றன. போன வாரம் ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றே தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அண்ணன் குடும்பம் மாடியில்தான் இருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் அவருக்கு வேலை ஓடாது என்பதால் எழுப்புவதில்லை. எனக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா? ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மறதியைப் பற்றி அத்தனை வரி எழுதிவிட்டு, அண்ணனைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘தூக்கம் கெட்டால் மறுநாள் அவருக்கு வேலை ஓடாது.’ நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலை நீங்களே அதில் எழுதிவிட்டீர்கள். ஒரு ராத்திரி கெட்டால் அண்ணனுக்கு ஓடாது என்று தெரிந்த உங்களுக்கு, ஒன்றரை வருடம் கெட்டால் தங்கைக்கு என்ன ஆகும் என்று தெரியாதா? அவருக்கு இருப்பதும் உங்களுக்கு இருப்பதும் ஒரே மாதிரி மூளைதான்.

அந்த மாத்திரை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழும்போது உடம்பு எழுந்துவிடும், மூளை முழுதாக எழுந்திருக்காது. கை அட்டையைப் பிரிக்கும், தம்ளரை நீட்டும், விளக்கை அணைக்கும். கவனம் மட்டும் அங்கே இருக்காது. கவனிக்காத எதுவும் நினைவில் ஏறாது. அதனால் மாத்திரை கொடுத்ததை நீங்கள் மறக்கவில்லை, அது பதியவே இல்லை. பதியாத ஒன்றை விடியும்வரை உட்கார்ந்து தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

பதிந்ததும் தானாகத் தங்கிவிடாது. பகலில் நடப்பதை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது மூளையின் இரண்டு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி. நாம் ஆழ்ந்து தூங்கும்போது, வாங்கி வைத்தது மூளைக்குள் மறுபடி ஓடி, நிலையான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் பலனைச் சோதித்தார்கள். இரண்டு மாணவர்களுக்குப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது நினைவில் நின்றது, அதே நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிட மிக அதிகம்.

இங்கே இன்னொரு விஷயம். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முன்பாதியில், கனவுத் தூக்கம் பின்பாதியில். துண்டு துண்டாகக் கூட்டி ஆறு மணி நேரம் வந்தாலும், ஒரே மூச்சில் தூங்கிய ஆறு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. இதைச் சரிசெய்ய நான் மாத்திரை சொல்ல மாட்டேன். கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போது அண்ணனுக்கு வருகிறேன். பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அது மகளின் பேருக்கு மட்டும் எழுதி வைத்த கடமையா? அதே வீட்டின் மாடியில் படுத்திருக்கிற மகனை எழுப்பாமல் இருப்பதைப் பாசம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் வாய்ப்பை அவரிடமிருந்து நீங்கள் பறித்து வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு அந்த அம்மா இல்லாமல் போனால், ‘என்னை ஏன் ஒரு நாள்கூட எழுப்பவில்லை?’ என்று அவர் கேட்பார். அன்றைக்கு என்ன சொல்வீர்கள்? எழுப்பாமலேயே அவராக இறங்கி வந்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம் பேசுகிறேன்.

‘அவருக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூடத் தெரியாது’ என்பீர்கள். இதை எத்தனையோ தங்கைகள் எழுதிப் பார்த்துவிட்டேன். 1953-ல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு புதிதாகச் சந்தித்தவர்கள் யாரும் அவர் நினைவில் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரத்தின் கோட்டின் மேல் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தார். முன்பு செய்த நினைவே இல்லாமல் ஒவ்வொரு நாளும் வந்து உட்கார்ந்தார், ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. செய்யச் செய்யக் கை பழகும், சகோதரி. உங்கள் அண்ணனுக்கும் பழகும். நீங்கள் மட்டும் என்ன, பிறக்கும்போதே தெரிந்துகொண்டா வந்தீர்கள்?

சரி, செய்ய வேண்டியது இது. இன்றைக்கே அண்ணனிடம் பேசுங்கள். கெஞ்ச வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். ‘நாளை ராத்திரி உங்கள் முறை’ என்று சொல்லுங்கள். ராத்திரியைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு பேர் தூக்கமும் உடையும். முழு ராத்திரியாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் முறை இல்லாத நாளில் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். அம்மா முனகினால் முதல் ஆளாக ஓடி வராதீர்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். மாத்திரை கொடுத்த கையோடு நேரத்தை எழுதுங்கள், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அரைத் தூக்கத்தில் யார் நினைவையும் நம்பி மருந்து கொடுக்கக் கூடாது. அண்ணனும் அதே நோட்டில் எழுதட்டும்.

ஒரு மாதம் இப்படித் தூங்கியும் மறதி குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். பழகிய வழியே புரிபடாமல் நின்றாலோ, தினமும் செய்கிற வேலையின் வரிசையே குழம்பினாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். நீங்கள் போய்த் திரும்பும்வரை அம்மா பக்கத்தில் அண்ணன் இருக்கட்டும்.